கொழும்பில் பிலிமில் படம் போடுவது எப்படி: சண்டைச் சிரிப்புப் படத்தோடு தொடங்குகிறவர்களுக்கு

முதன்முதலாக 35 மி.மீ. பிலிமில் படம் போட நினைப்பவர்கள் எந்தப் படத்தை எடுப்பது என்று என்னிடம் கேட்டால், ஓடி, விழுந்து, கதிரையாலும் குடையாலும் அடிபட்டுக்கொள்கிற சண்டைச் சிரிப்புப் படம் ஒன்றைத்தான் சொல்வேன். கொழும்பில் அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு மண்டபம் எடுத்தால் தமிழ் மட்டும் தெரிந்த அம்மம்மாவும், சிங்களம் பேசும் பக்கத்து வீட்டுக்காரரும், இங்கிலிஷில் படித்த பேரப்பிள்ளையும் ஒரே வரிசையில் இருப்பார்கள். வசனத்தை நம்பி நிற்கும் படம் இவர்களை மூன்றாகப் பிரித்துவிடும். ஓடுகிற சைக்கிளின் பின்னால் தொங்கிக்கொண்டு சண்டை பிடிக்கிறவனுக்கோ மொழிபெயர்ப்பு வேண்டாம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள்.

அந்த நேரம் மிகச் சின்னது. பிலிம் விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், ஓடுகிறது. ஒரு நல்ல அடியின் சிரிப்பு அரை விநாடிக்குள், 12 பிரேமுக்குள் இருக்கும். அழுகைப் படத்தில் 12 பிரேம் போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இந்த வகைப் படத்தில் போனால் ஒரு சிரிப்பே போய்விடும். கீழே நான் சொல்கிற வேலையெல்லாம் அந்த 12 பிரேமைக் காப்பாற்றத்தான்.

என் முதல் காட்சியில் இதைப் பட்டுத்தான் படித்தேன். பழைய ஹொங்கொங் படம். மூன்றாம் ரீலின் முடிவில் ஒருவன் தலைக்கு மேல் முட்டைத் தட்டை ஏந்தியபடி கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பான். கதவின் கைபிடி மெல்லத் திரும்பும். நான்காம் ரீல் தொடங்கும்போது முட்டை பொலிஸ்காரரின் தொப்பியிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. கதவு திறந்ததையும் காணோம், தட்டு சரிந்ததையும் காணோம். மண்டபம் அப்படியே அமைதியாக இருந்தது. ஒரு பிள்ளை மட்டும் “என்ன நடந்தது?” என்று தாயைக் கேட்டது. அடுத்த நாள் டிவிடியோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டு முனையிலும் சேர்த்து 30 பிரேம் இல்லை, ஒன்றேகால் விநாடி.

மருதானையில் தியேட்டர் மெஷின் (புரொஜெக்டர்) ஓட்டி ஓய்ந்த ஒரு நானா அன்று எனக்கு உதவிக்கு நின்றவர். அவர் சொன்னது: “அடி உழுறத பாக்க இல்ல தம்பி சனம் வாறது. உழப்போகுது என்டு தெரிஞ்சிக்கிட்டு இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் காசு குடுக்கிறது.”

முதலில் மெஷின், பிறகு படம்

பலர் படத்தைத் தேர்ந்துவிட்டுத் தியேட்டர் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். கொழும்பில் பெரும்பாலான தியேட்டர்கள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. பழைய மெஷின் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டு, “இருக்கு” என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். ஒரு பழைய டிரெயிலர் துண்டைக் கையோடு கொண்டுபோய் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து வருடம் துணி போர்த்திக் கிடந்த மெஷினுக்கு எண்ணெய் போட்டு, பெல்ட் மாற்றி, ஓட்டிப் பழக்க நாள் எடுக்கும்.

மெஷின் ரூமுக்குள் போனதும் பார்க்க வேண்டியவை: ஓடுகிற மெஷின் இரண்டு இருக்கிறதா, ஸ்கோப் லென்ஸ் (அகலத் திரைப் படத்தை விரித்துக் காட்டும் லென்ஸ்) இருக்கிறதா, ஒவ்வொரு திரை அளவுக்கும் தனித்தனி கேட் தகடு (பிலிம் விளக்குக்கு முன்னால் கடக்கும் இடமான கேட்டில் வைத்து, படத்தின் ஓரங்களை வரையறுக்கும் தகடு) இருக்கிறதா, செனோன் விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது. விளக்கை நீங்கள் தொடாதீர்கள். அணைந்து ஆறிக் கிடந்தாலும் அதற்குள் வாயு அழுத்தத்தில்தான் இருக்கும், வெடித்தால் முகத்துக்கு ஆபத்து. முகக்கவசமும் தடித்த கையுறையும் போட்டுப் பழகியவர்கள் மட்டும் மாற்றட்டும்.

35 மி.மீ. மெஷின் அமையாவிட்டால் 16 மி.மீ. ஒன்றும் குறைவில்லை. தூக்கிக்கொண்டு போகக்கூடிய புரொஜெக்டர், மடக்கக்கூடிய திரை, ஐம்பது அறுபது கதிரை போதும். 57ஆம் ஒழுங்கையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற ஒரு மண்டபத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1,600 அடி ரீல் ஒன்று 44 நிமிடம் ஓடும், ஆகவே ஒன்றரை மணிப் படத்தில் ரீல் மாற்றும் இடைவெளி இரண்டு தடவைக்கு மேல் வராது. கடற்கரைப் பக்கத்து மண்டபம் என்றால் ஒருநாள் மாலை அங்கே சும்மா இருந்து கேளுங்கள். கரையோர ரயில் எத்தனை மணிக்குக் கடக்கிறது, எவ்வளவு சத்தம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

பிரதி ஒருவரிடம், உரிமை இன்னொருவரிடம்

பிலிம் பெட்டியை வைத்திருப்பவரிடம் அதைக் காட்டும் உரிமை இருக்க வேண்டும் என்றில்லை. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். பொதுமக்களுக்குக் காட்டுவதானால் தணிக்கைச் சபையின் அனுமதியும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பிரதி என்றால் சுங்கத்துக்கான கடிதங்களை முதலிலேயே தயாராக்குங்கள். கலாசார நிலையங்களோடு சேர்ந்து செய்தால் இந்தச் சுமை குறையும். பார்ன்ஸ் பிளேஸில் உள்ள பிரெஞ்சு நிலையமான அலியான்ஸ் பிரான்சேசும் ஜெர்மன் நிலையமான கோதே நிலையமும் படம் காட்டிப் பழகிய இடங்கள். அவர்களிடம் போய்க் கதைக்கத் தயங்காதீர்கள்.

எந்தப் படம் என்பதிலும் ஒரு சொல். ஊமைப் படக் காலத்துப் பஸ்டர் கீட்டனில் ஆசை இருந்தால் முதலில் மெஷினின் வேகத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். அந்தக் காலத்துப் படங்கள் பல 24க்குக் குறைந்த வேகத்தில் எடுக்கப்பட்டவை. மாற்ற முடியாத மெஷினில் அவர் ஓட மாட்டார், துடிப்பார். பேசும் படமே தொடக்கத்துக்கு நல்லது. கீட்டனைத் தன் முன்னோடியாக வெளிப்படையாகச் சொன்ன ஜாக்கி சானின் தலைமுறையிலிருந்து எடுக்கலாம். உடம்பால் சிரிக்க வைப்பது எங்களுக்கும் புதிதல்ல. துள்ளலுக்கும் ஆட்டத்துக்கும் பேர்போன ஜே.பி. சந்திரபாபு சின்ன வயதில் கொழும்பில் வளர்ந்தவர். நல்ல பிரதி ஒன்று கிடைத்தால் அவர் நடித்த படம் ஒன்றை இங்கே போடுவது என் நெடுநாள் ஆசை.

பெட்டி வந்த உடனே திறக்காதீர்கள்

ஒன்றரை மணி நேரப் படம் என்றால் ஏறக்குறைய 8,100 அடி பிலிம். ஐந்து 2,000 அடி ரீல் வரும், பெட்டியோடு 25 கிலோவுக்குக் குறையாது. ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவரலாம் என்று நினைக்க வேண்டாம், வான் பிடியுங்கள்.

குளிர் அறையில் இருந்து வந்த பிலிமைக் கொழும்பின் ஈரக் காற்றில் உடனே திறந்தால் குளிர்ந்த சோடாப் போத்தலில் வியர்ப்பதுபோல் அதன் மேலும் நீர் படியும். மூடியபடியே ஓர் இரவு அறையில் விட்டு, காலையில் திறவுங்கள். திறந்ததும் மணந்து பாருங்கள். வினாகிரி மணம் அடித்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றப் பெட்டிகளிலிருந்து தள்ளி வைத்து, அனுப்பியவருக்கு அன்றே சொல்லுங்கள். மணம் லேசாக இருந்து, பிலிம் சுருங்காமல் வளையாமல் இருந்தால் அவர்களின் சம்மதத்தோடு ஓட்டலாம்.

ரீல் பார்ப்பது

எல்லாவற்றிலும் இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு ரீலுக்கு ஒரு மணித்தியாலம் வையுங்கள். ஐந்து ரீலுக்கு ஒரு முழு நாள். காட்சிக்கு முதல் நாள் இரவு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர்களின் காட்சியில் எப்போதும் ஏதோ ஒன்று நடந்தது.

மேசையின் இரு பக்கமும் கைச் சுற்றி. நடுவில் அடியிலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி. பருத்திக் கையுறை. வலது கையால் மெல்லச் சுற்றிக்கொண்டு, இடது கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிலிமின் இரு ஓரத்தையும் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிலிம் கொஞ்சம் வளைந்து வரும்படி பிடித்தால் கிழிந்த துளை, வெடித்த ஓரம், பழைய ஒட்டு எல்லாம் விரலில் தட்டும். கண்ணுக்கு முன்னே விரலுக்குத் தெரியும். தட்டிய இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரு பிரேமுக்கு ஒரு பக்கத்தில் நான்கு துளை. தொடர்ந்து இரண்டு மூன்று துளை கிழிந்திருந்தால் மெஷினில் அந்த இடம் துள்ளும், சில வேளை அறும்.

ஒட்டுவதற்கு முன் பிலிம் எந்த வகை என்று தெரிய வேண்டும். ரீலை வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவி வந்தால் பொலியெஸ்டர், இருண்டு தெரிந்தால் அசிடேட். பசை அசிடேட்டில் பிடிக்கும், பொலியெஸ்டரில் பிடிக்காது. அதற்கு டேப் ஒட்டுத்தான். பொலியெஸ்டர் கையால் இழுத்து அறாது. சிக்கினால் பிலிம் அல்ல, மெஷின் உடையும். ஆகவே பொலியெஸ்டர் பிரதி ஓடும்போது மெஷினை விட்டு நகர வேண்டாம்.

கிழிந்ததைச் சரிசெய்யும்போது பிரேமை வெட்டி எறியாதீர்கள். முன்பு ஓட்டியவர்கள் ஒவ்வொருவரும் “ஒரு பிரேம்தானே” என்று வெட்டியதால்தான் என்னுடைய முட்டைத் தட்டு காணாமல் போனது. ரீல் முனைகளில் இது இன்னும் மோசம். தியேட்டருக்குத் தியேட்டர் ரீல்களைச் சேர்த்து ஒட்டுவார்கள், திருப்பி அனுப்பும்போது பிரிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ரீலின் தலையிலும் (தொடக்கத்திலும்) வாலிலும் (முடிவிலும்) ஒன்றிரண்டு பிரேம் போகும். அதனால் ஒவ்வொரு ரீலின் கடைசி நிமிடத்தையும் அடுத்த ரீலின் முதல் நிமிடத்தையும் டிவிடி ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என்ன இல்லை என்று முன்னரே தெரிந்தால் சனத்துக்கு முன்னரே சொல்லலாம்: “ஒரு முட்டைத் தட்டு வரும், அது விழுவதைப் பிலிம் தின்றுவிட்டது.” அப்படிச் சொல்லிவிட்டால் அந்த இடத்திலும் மண்டபம் சிரிக்கும், நான் கண்டிருக்கிறேன்.

நிறத்தையும் பாருங்கள். 1970களின் வண்ணப் பிரதிகள் பல சிவந்துபோயிருக்கும். நீலமும் பச்சையும் மங்கி, எல்லாம் ரோசா நிறத்தில் தெரியும். 1980களின் தொடக்கத்தில் நிறம் நிலைக்கும் பிலிம் வந்த பின் அச்சிட்டவை பொதுவாக நன்றாக இருக்கும். சிவந்த பிரதியை ஒதுக்க வேண்டியதில்லை, விளம்பரத்தில் சொல்லிவிட்டால் போதும். பார்த்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்: ரீல் எண், நீளம், ஒட்டுகள், இல்லாத பிரேம், திரை அளவு, சத்தத்தின் வகை.

ஒத்திகை

முதல் ரீலையாவது ஆளில்லாத மண்டபத்தில் முழுதாக ஓட்டிப் பாருங்கள்.

திரை அளவு முதலாவது. ஸ்கோப் படத்தைச் சாதாரண லென்ஸில் போட்டால் எல்லோரும் ஒல்லியாய் நீண்டு தெரிவார்கள். பிழையான தகட்டில் போட்டால் தலையோ காலோ வெட்டுப்படும். நாடகப் படத்தில் கால் வெட்டுப்பட்டாலும் முகம் இருக்கும். இங்கே உதை காலில்தானே இருக்கிறது! முழு உடம்பும் தெரியும் இடம் ஒன்றை நிறுத்தி, பாதம் தரையில் படுவது தெரிகிறதா என்று பார்த்துத் தகட்டை முடிவு செய்யுங்கள்.

அடுத்து சத்தம். ஒரு பிரேம் கேட்டில் தெரியும்போது அதற்குரிய சத்தம் மெஷினின் வேறு இடத்தில், ஏறத்தாழ 20 பிரேம் தள்ளி வாசிக்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் விடும் பிலிம் வளையம் பெரிதாகவோ சிறிதாகவோ போனால் அடி விழுந்த பிறகு “டிஷ்யூம்” வரும், அல்லது விழ முன்பே வரும். இரண்டு பிரேம் பிழைத்தாலே சண்டை பொம்மைச் சண்டை ஆகிவிடும். கதவு படீரென்று அடிக்கும் இடமொன்றைப் பிடித்து இதைச் சோதியுங்கள். மெஷின் ரூமில் நின்று கேட்காதீர்கள், மண்டபத்தின் நடுவில் போய் நில்லுங்கள். சத்தம் 14 மீட்டர் தூரம் போக ஒரு பிரேம் நேரம் எடுக்கிறது. நடுவில் சரியாக இருந்தால் முன்னாலும் பின்னாலும் இருப்பவர்களுக்குப் பெரிய பிழை தெரியாது.

சண்டை கொஞ்சம் வேகமாக ஓடுகிறதே என்று பயந்து மெஷினில் கை வைக்க வேண்டாம். ஹொங்கொங் சண்டைகளை 22 பிரேம், சில வேளை அதற்கும் குறைந்த வேகத்தில் எடுத்து 24இல் ஓட்டுவது வழக்கம். அந்த விறுவிறுப்பு எடுத்தவர்கள் வேண்டுமென்றே வைத்தது.

போகஸ் பார்க்கும்போது நடிகரின் முகத்தைவிடப் பிலிமின் மணல்போன்ற பொட்டுகளைப் பாருங்கள். விளக்குச் சூட்டில் பிலிம் லேசாக வளையும். ஆகவே ஒவ்வொரு ரீலின் முதல் இரண்டு நிமிடமும் போகஸில் கை இருக்கட்டும்.

ரீல் மாற்றம்

இரண்டு மெஷின் இருந்தால் ஒரு ரீல் முடியும்போது மற்றதுக்கு மாற வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு வட்டப் புள்ளி நான்கு பிரேம் நேரம், கண் இமைக்கும் அளவு, தெரியும். அதைக் கண்டதும் அடுத்த மெஷினின் மோட்டாரை ஓட விடுங்கள். ஏழு விநாடி போல் கழித்து இரண்டாவது புள்ளி வரும், அப்போது ஒளியையும் சத்தத்தையும் மாற்றுங்கள். அவ்வளவுதான் முறை. கையில் வர இருபது முப்பது தடவை வேண்டும். புள்ளி மங்கியிருக்கிறது என்று ஊசியால் சொந்த அடையாளம் கீறுவது பெரிய தவறு, அது அந்தப் பிரதியில் என்றென்றைக்கும் இருக்கும்.

இந்தப் படங்களில் ரீல் முடிவு பெரும்பாலும் ஒரு துரத்தலின் நடுவில் வரும். மண்டபம் சிரிக்கும், உங்களுக்கும் திரையைப் பார்க்க ஆசை வரும். அந்த ஒரு நிமிடம் மூலையை மட்டும் பாருங்கள்.

ஒரே மெஷின் என்றால் ரீல்களைச் சேர்த்து ஒட்ட அனுப்பியவர் விடுவாரா என்று கேளுங்கள். ஆவணக் காப்பகப் பிரதி என்றால் விட மாட்டார்கள், விடவும் கூடாது. ரீலுக்கு ரீல் விளக்குப் போட்டு மூன்று நிமிடம் நிறுத்துங்கள். சனம் கோபிக்காது, முன்பே சொல்லிவிட்டால்.

கரண்ட் போனால் முதலில் விளக்குக்கு முன்னால் உள்ள தடுப்பை மூடுங்கள், பிறகு மோட்டார் சுவிட்சை அணையுங்கள். மூடாமல் விட்டு, கரண்ட் திரும்பி விளக்கு எரிந்தால் கேட்டில் அசையாமல் நிற்கும் பிரேம் உருகிவிடும்.

சனம் வரும் நாள்

பௌர்ணமி விடுமுறையான போயா நாளைத் தவிர்த்து நாள் குறியுங்கள். வேலை நாள் என்றால் ஆறரைக்குத் தொடங்குவது நல்லது, அதற்கு முன் காலி வீதி அசையாது. ஒன்பது மணிக்கு முன் முடிந்தால் 100, 101 பஸ்ஸில் வந்தவர்கள் கவலையில்லாமல் வீடு போவார்கள். தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலிஷிலும் இரண்டிரண்டு வரி பேசுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஹொங்கொங் பிரதிகளில் சீனமும் இங்கிலிஷும் சேர்ந்து பிலிமிலேயே எழுத்தாக வரும். முன்னால் இருப்பவரின் தலை மறைக்காமல் கதிரைகளைக் கொஞ்சம் மாற்றி மாற்றி வையுங்கள்.

எங்கள் ஆட்களுக்கு இடைவேளையில் ரோல்சும் பற்றிசும் தேத்தண்ணியும் வேண்டும், அது நியாயம். ஆனால் துரத்தலை வெட்டி இடைவேளை விடாதீர்கள். எந்த ரீல் அமைதியான காட்சியில் முடிகிறது என்று உங்கள் தாளில் இருக்கும், அங்கே விடுங்கள்.

கடைசிப் பெயர்ப்பட்டியல் வந்ததும் விளக்குப் போடப் போகிறவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜாக்கி சான் படங்களில் அந்தப் பெயர்களுக்குப் பின்னால்தான் தவறிப்போன பாய்ச்சல்களும், காயப்பட்டுத் தூக்கிக்கொண்டு போவதும், அதற்குள்ளும் அவர்கள் சிரிப்பதும் வரும். எழுந்து நின்ற சனம் அப்படியே திரும்பி நின்று பார்க்கும்.

எல்லோரும் போன பிறகு

அனுப்பியவர் கேட்டாலொழிய ரீலைத் திருப்பிச் சுற்றாதீர்கள். ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் கீறல் விழும். வால் வெளியே இருக்கும்படியே பெட்டியில் வையுங்கள். அன்றே மெஷினின் கேட்டையும் பல்லுச் சில்லையும் மென் தூரிகையால் துடைத்துவிடுங்கள்.

நீங்கள் எழுதிய தாளின் ஒரு பிரதியைப் பெட்டிக்குள் வையுங்கள், ஓட்டும்போது புதிதாக ஏதும் கிழிந்திருந்தால் அதையும் மறைக்காமல் சேர்த்து எழுதுங்கள். பெட்டி மூடியில் கடதாசி ஒட்டி, ரீல் எண்ணும் “வால் வெளியே” என்பதும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். நான் அந்த ஹொங்கொங் படத்தைத் திருப்பி அனுப்பியபோது மூடியில் ஒரு வரி கூடுதலாக எழுதினேன்: “3இன் வாலிலும் 4இன் தலையிலும் 30 பிரேம் இல்லை. தயவுசெய்து இனி வெட்ட வேண்டாம்.”